பித்ரியா, தஞ்சாவூர்த் தட்டா, தார்கஷியா? மொரிசியசிலிருந்து உலோகப் பதிப்பு கற்கப் போகிறவருக்கு

ஓர் ஆசானிடம் உட்கார்ந்து உலோகப் பதிப்பு வேலை, அதாவது ஒரு பொருளின் மேல் உலோகக் கம்பியையோ தகட்டையோ பதித்து அழகு செய்யும் வேலை, கற்கவேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எது அழகு?" என்பது. மூன்றுமே அழகுதான். கருப்பில் வெள்ளி மின்னும் பீதர் ஊரின் பித்ரிக் கிண்ணமும், பித்தளையில் தெய்வ உருவம் புடைத்து நிற்கும் தஞ்சாவூர்த் தட்டும், கரும்பழுப்பு மரத்தில் பித்தளைக் கம்பி ஓடும் மைன்புரி ஊரின் தார்கஷிப் பெட்டியும் எடுத்த கையைக் கீழே வைக்கவிடாது. அழகை வைத்து முடிவு செய்தவர்கள் பலர், மொரிசியசின் ரோஸ் ஹில்லுக்கோ மஹேபூர்குக்கோ திரும்பிய மூன்றாம் மாதம் வேலையை நிறுத்திவிடுகிறார்கள். ஆசானின் பட்டறையில் மண் இருந்தது, அச்சு இருந்தது, வார்த்துத்தர ஆள் இருந்தார். தீவில் அவை இல்லை. எனவே இங்கே எல்லாவற்றையும் ஒரு கேள்வியின் மேல்தான் நிறுத்துப் பார்க்கிறோம்: ஊர் திரும்பியபின் இந்த வேலையை ஆசான் இல்லாமல் செய்ய முடியுமா?

## எதை வைத்து அளப்பது

தனிக்கையால் முடியுமா. பழைய தொழில்கள் பலவும் நாலைந்து கைகள் மாறி முடிபவை. நீங்கள் கற்பது அதில் ஒரு கையின் வேலையாக மட்டும் இருக்கலாம்.

பொருள் தீவுக்குள் வருமா. கிடைக்குமா என்பது ஒன்று, சுங்கமும் தாவரப் பாதுகாப்புத் துறையும் விடுமா என்பது வேறொன்று.

நம் காற்று தாங்குமா. கடற்கரையில் உப்பு, மேட்டுநில ஊரான கூர்பீப்பில் ஆண்டு முழுதும் ஈரம். பீதரின் வறண்ட மேட்டுநிலத்தில் நூறாண்டு இருக்கும் பொருள் இங்கே அப்படி இருக்கும் என்று நம்பக்கூடாது.

பட்டறை மொழி. கைவேலையைப் பார்த்தே கற்கலாம் என்பது பாதி உண்மை. "இப்போது நிறுத்து" என்ற ஒரு சொல் அரை நொடி தாமதமாகப் புரிந்தால் ஒரு வார வேலை போய்விடும்.

இவற்றோடு புகை, நாள், செலவு ஆகியவற்றையும் அந்தந்த இடத்தில் சொல்கிறோம்.

உதயப்பூர்ப் பக்கத்துக் கோஃப்ட்கரியை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. எஃகின் மேல் குறுக்கும் நெடுக்குமாக நுண்கீறல் போட்டு, பொன் அல்லது வெள்ளிக் கம்பியை அதில் அடித்துப் பிடிக்கவைக்கும் வேலை அது. நம் கடற்காற்றில் எஃகு துருப்பிடிக்கும். துரு அடியிலிருந்து கிளம்பிக் கம்பியைத் தூக்கிவிடும். பெரும்பாலும் வாள், கத்தி, பிடிகளில்தான் கற்பிப்பார்கள் என்பதால் பெட்டியில் கொண்டுவருவதும் சிக்கல்.

## பித்ரி (பீதர், கர்நாடகம்)

அடிப்பொருள் துத்தநாகக் கலவை. பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. பாமினி சுல்தான்கள் 15-ஆம் நூற்றாண்டில் தலைநகரைப் பீதருக்கு மாற்றிய காலத்தோடு இந்தக் கலையை இணைத்துச் சொல்வார்கள். 2006-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் பீதரின் ஷா ரஷீத் அகமது காத்ரிக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

வேலையின் வரிசை இது. விளக்கெண்ணெயும் குங்கிலியமும் கலந்த மண் அச்சில் வார்ப்பார்கள். அரத்தாலும் உப்புத்தாளாலும் மழமழவென்று தேய்ப்பார்கள். மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலைத் தடவித் தற்காலிகமாகக் கருக்கவைப்பார்கள். அந்தக் கருப்பின் மேல் எஃகு ஊசியால் வரைந்தால் கோடு வெள்ளையாகத் தெரியும். பிறகு பொருளை அரக்கில் பதித்து அசையாமல் நிறுத்தி, சின்ன உளிகளால் கோட்டை வெட்டுவார்கள். வெட்டிய பள்ளத்தில் சுத்த வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ அடித்து இறக்கி, மறுபடி அரம் போட்டுச் சமப்படுத்துவார்கள். இந்த நிலையில் பொருள் முழுதும் ஒரே சாம்பல் வெள்ளை. எங்கே வெள்ளி, எங்கே கலவை என்று புதியவர் கண்ணுக்குப் பிடிபடாது. கடைசியில் பொருளை இதமாகச் சூடாக்கி, பீதர் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடும் (அம்மோனியம் குளோரைடு) தண்ணீரோடும் குழைத்துத் தேய்ப்பார்கள். கலவை கருத்துவிடும், வெள்ளி அப்படியே நிற்கும். கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால் கருப்பு இன்னும் ஆழமாகும்.

தவறுவது பெரும்பாலும் உளியில்தான். பள்ளத்தின் இரு பக்கமும் செங்குத்தாக இருந்தால் கம்பி பிடிக்காது. அடிப்பக்கம் சற்று உட்குடைந்து, வாய் குறுகலாக இருக்கவேண்டும். கம்பி பள்ளத்துக்கு மேலே ஒரு மயிரிழை துருத்தி நிற்கவேண்டும், அப்போதுதான் சுத்தியல் அடியில் பரந்து உட்குடைவை நிரப்பும். உட்குடைவு இல்லாத இடம் அரம் போடும்போது தெரியும்: கம்பி நூல் பிரிவதுபோல எழுந்து வரும். நகைக்கடை வெள்ளியில் 7.5 சதவீதம் செம்பு சேர்த்திருந்தால் அது விறைத்து நிற்கும், பள்ளத்தில் மடங்காது. சுத்த வெள்ளியே வேண்டும். வார்ப்பில் குமிழ் இருந்தால் உளி அதில் திடீரென்று இறங்கிக் கோடு உடைந்துவிடும். ஆகவே வெட்டத் தொடங்குமுன் முதுகுப்புறத்தையும் பாருங்கள். கலவையே மொறுமொறுப்பானது. கருங்கல் தரையில் விழுந்தால் நெளியாது, உடையும்.

கருக்கல் திட்டுத்திட்டாக வந்தால் காரணம் மூன்றில் ஒன்று: விரல் எண்ணெய், போதாத சூடு, சாரமில்லாத மண். மூன்றாவதுதான் நமக்குத் தலைவலி. வெயிலும் மழையும் நேரே படாத கோட்டைச் சுவரோரத்து மண்ணில் உப்புச்சத்து தங்கியிருக்கும். அதை நாவில் வைத்துப் பார்த்தே தேர்ந்தெடுக்கும் கைவினைஞர்கள் பீதரில் உண்டு. எரிமலைப் பாறை கரைந்து உண்டான நம் செம்மண் அந்த வேலையைச் செய்யாது. பீதர் மண்ணைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தால் விமான நிலையத்தில் எடுத்துக்கொள்வார்கள். மண் கொண்டுவருவதென்றால் ரெதுவியிலுள்ள தாவரப் பாதுகாப்பு அலுவலகத்தில் முன்னமே கேட்கவேண்டும். இன்னொரு வழி, நவச்சாரம், வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), மயில்துத்தம் வைத்து மண்ணில்லாமல் கருக்கும் முறை. கருப்பு கொஞ்சம் தட்டையாக வரும், ஆனாலும் வரும். இதைக் கற்றுத்தர ஒப்புக்கொள்ளும் ஆசானைத் தேடுங்கள். சிலர் மனமுவந்து தருவார்கள், சிலர் மண்ணில்லாத பித்ரி பித்ரியே இல்லை என்பார்கள். இரண்டாமவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் அவரிடம் கற்றால் ஊரில் உங்களால் தொடர முடியாது. வெடியுப்பு வாங்கவும் கேள்வி கேட்பார்கள், அனுமதி விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

வார்ப்பைத் தீவில் செய்யவே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் எளிது என்று தோன்றும். சூடு மிஞ்சினால் கிளம்பும் வெள்ளைப் புகையை மூச்சில் இழுத்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். வீடுகள் நெருங்கிய தெருவில் அது அக்கம்பக்கத்தாரின் மூச்சும்கூட. படகுக் கடைகளில் விற்கும் துத்தநாகக் கட்டியை உருக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பல கட்டிகளில் காட்மியம் கலந்திருக்கிறது, அதன் புகை நஞ்சு. பீதரிலிருந்து வார்த்த வெற்றுத் தட்டுகளையே வாங்கி வாருங்கள். 15 சென்டிமீட்டர் அகலமும் 4 மில்லிமீட்டர் கனமும் உள்ள தட்டு ஏறக்குறைய அரைக்கிலோ. 23 கிலோ பெட்டியில் துணிமணி இல்லாமல் நாற்பது தட்டு வரும். ஓராண்டு வேலைக்கு அது போதும். ஈயம் கலக்காத கலவையா என்று கேட்டு வாங்குங்கள்.

மொழி தக்கணி உருதுவும் கன்னடமும். பக்கத்து வீட்டுப் போஜ்புரியும் தொலைக்காட்சி இந்தியும் காதில் விழுந்து வளர்ந்தவருக்கு இரண்டு வாரத்தில் பிடிபடும். ஆசானை "உஸ்தாத்" என்று அழையுங்கள். ரம்ஜான் மாதத்தில் வேலை நேரம் சுருங்கும், ஏப்ரல், மே வெயிலிலும் அப்படியே. இரண்டையும் தவிர்த்துப் பயணம் போடுங்கள்.

நம் காற்றைப் பொறுத்தவரை, ஈரம் தங்கினால் துத்தநாகத்தில் வெள்ளைப் பூப்புப் பூக்கும். மாதம் ஒருமுறை எண்ணெய்த்துணியால் துடைக்கிறவர் வீட்டில் தங்கும். பூச்சாடியாகத் தண்ணீர் ஊற்றி வைக்கிறவர் வீட்டில் தங்காது. வாங்குகிறவரிடம் இதைச் சொல்லி விற்கவேண்டும்.

## தஞ்சாவூர்த் தட்டு

இரண்டாம் சரபோஜி (1777–1832) காலத்தில் உருவானதாகச் சொல்லப்படும் வேலை. புவிசார் குறியீடு 2007. கறாராகப் பார்த்தால் இது பதிப்பை விட ஒட்டுவேலைக்கு நெருக்கம். பித்தளைத் தட்டின் மேல் வெள்ளியிலும் செம்பிலும் புடைத்த உருவங்களைப் பொருத்துவார்கள், நடுவட்டத்தில் தெய்வம், சுற்றிலும் சிறு உருவங்களும் கொடிகளும்.

இதன் பெரிய பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: பட்டறையில் தமிழ். "ஐயா, இந்த விளிம்பு ஏன் எழுந்திருக்கு?" என்று கேட்டு, காரணத்தோடு பதில் வாங்கலாம். நம் பள்ளிகளில் படித்த தமிழ் ஏட்டுத்தமிழ்தான், தஞ்சாவூர்ப் பேச்சு முதல் வாரம் வேகமாக ஓடும். பிறகு பழகிவிடும்.

பலவீனத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. மரபில் இது மூன்று கைகளின் வேலை: அடித்தட்டு செய்பவர், உருவம் புடைப்பவர், அதைத் தட்டில் பொருத்துபவர். ஒரு பட்டறையில் சேர்ந்தால் நடுக்கை வேலையை மட்டும் கற்றுத் திரும்ப வாய்ப்பு அதிகம். உருவம் புடைக்கும் அச்சுகள் குடும்பச் சொத்து. எத்தனை மாதம் இருந்தாலும் அவை உங்களோடு விமானம் ஏறா. புது அச்சு செய்வது தனி வேலை, தனிச் செலவு. பயணக் கணக்குப் போடும்போது இந்தச் செலவைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

அச்சில் அடித்த மெல்லிய தகட்டை அரக்குப் படுக்கையில் வைத்து நுணுக்கம் ஏற்றுவார்கள். குங்கிலியம், செங்கல்தூள், எண்ணெய் மூன்றும் சேர்ந்ததே அந்த அரக்கு. அரக்கு கெட்டியானால் தகடு கிழியும், இளகினால் உருவத்தின் மூக்கு மழுங்கும். தஞ்சாவூரில் ஆசான் தரும் அளவு இங்கே அப்படியே செல்லாது. ஜூலை மாதக் கூர்பீப்புக்கு எண்ணெய் கூட்டவேண்டும், ஜனவரிப் போர்ட் லூயிசுக்குச் செங்கல்தூள் கூட்டவேண்டும். வெள்ளி அடி வாங்க வாங்க விறைக்கும். மங்கலான சிவப்பு தெரியும்வரை காய்ச்சி ஆறவிட்டு மறுபடி அடிக்கவேண்டும். அவசரத்தில் ஒருமுறை காய்ச்சாமல் விட்டால் முகத்தின் குறுக்கே கீறல் விழும், அதை ஒட்டி மறைக்க முடியாது. உருவத்தின் விளிம்பைத் தட்டில் வெட்டிய பள்ளத்தில் இறக்கிப் பள்ளத்தின் உதட்டை அடித்து மூடுவார்கள். பின்னால் யாராவது பளபளப்புக்காகத் தட்டைப் புளித்தண்ணீரில் ஊறப்போட்டால் புளி அடியில் இறங்கித் தங்கிவிடும். மேலாகத் துடைக்கத்தான் வேண்டும்.

யாருக்கு இது சரி? ஏற்கெனவே நகைவேலை தெரிந்த குடும்பத்தாருக்கு. ஊதுகுழல், அரக்கு, வெள்ளியைக் காய்ச்சும் பக்குவம் எல்லாம் அவர்கள் கையில் இருக்கிறது. அண்ணன் தங்கையோ கணவன் மனைவியோ சேர்ந்து போய் ஆளுக்கு ஒரு கை வேலையாகக் கற்றால் இன்னும் நல்லது. வெள்ளிப் பொருள் விற்பதானால் பொன் வெள்ளியின் தரம் சோதிக்கும் நம் அசே ஆபிசில் பதிவு பற்றி முதலில் கேளுங்கள். கொண்டுவரும் வெள்ளிக்கு ரசீது வைத்திருங்கள்.

தஞ்சாவூருக்குத் திருச்சி விமான நிலையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. ஆயுத பூஜையன்று கருவிகளைத் தொடமாட்டார்கள், பல பட்டறைகள் அமாவாசையன்றும் திறப்பதில்லை.

## தார்கஷி (மைன்புரி, உத்தரப் பிரதேசம்)

இந்தச் சொல்லில் ஒரு குழப்பம். தார் என்றால் கம்பி. பித்ரியிலும் கம்பிப் பதிப்பைத் தார்கஷி என்பார்கள். மைன்புரித் தார்கஷி மரத்தில் பித்தளை. பழைய நாளில் மரப் பாதக்குறடுகளில் இந்த வேலை செய்தார்கள்.

மூன்றில் பெயர் குறைந்தது இதுவே. தீவுக்கு மிகப் பொருத்தமானதும் இதுவே என்பது எங்கள் முடிவு. மரம் முதல் மெருகு வரை ஒரே ஆள் செய்யலாம். உலை இல்லை, நஞ்சுப் புகை இல்லை. கருவிகள் ஒரு துணிச்சுருட்டில் அடங்கும்: பல அகலங்களில் நாலைந்து உளி, சிறு சுத்தியல், இடுக்கி, தகடு வெட்டும் கத்தரி. (உளியைக் கைப்பையில் வைக்காதீர்கள், பெரிய பெட்டியில் போடுங்கள்.)

பித்தளைக் கம்பியைத் தட்டி நாடாவாக்குவார்கள். மரத்தில் உளியால் நாடாவின் கனத்தைவிடச் சற்றே குறுகிய பள்ளம் வெட்டி, நாடாவை நிமிர்த்தி அடித்து இறக்குவார்கள். பிடிப்பது மரத்தின் அழுத்தம். புள்ளி வேண்டிய இடத்தில் கம்பியைச் சிறு சுருளாக்கி இறக்குவார்கள். பின்பு எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குத் தேய்த்து மெருகேற்றுவார்கள்.

மரம்தான் இங்கே கவனிக்கவேண்டியது. மைன்புரியில் ஷீஷம் மரம். அது சேர்ந்த டால்பெர்ஜியா இனம் முழுதும் 2017 முதல் அருகிவரும் உயிரின வணிக ஒப்பந்தத்தின் (CITES) இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. கட்டையாகக் கொண்டுவர அனுமதிச்சீட்டுத் தேவை. அவசியமும் இல்லை. நாம் புவா நுவார் என்று சொல்லும் மரம் வாகை. கரும்பழுப்பு, கெட்டி, பித்தளை மின்ன நல்ல பின்னணி. பலாவும் நாவலும் பயிற்சிக்கு ஆகும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் கிடைக்கும் கட்டை இன்னும் மேல், அது சுருங்கி முடித்த மரம். நம் காட்டுக் கருங்காலியைத் தொடவேண்டாம், மிச்சமிருப்பது கொஞ்சம்தான்.

பச்சை மரத்தில் பதித்தால் ஆறு மாதத்தில் மரம் சுருங்கிக் கம்பி தலைதூக்கும், விரலைக் கீறும். வாகுவாவின் ஈரத்தில் செய்த பெட்டி கடற்கரை ஓட்டலின் குளிர்சாதன அறைக்குப் போனாலும் இதே கதி. அறுத்த பலகையை ஓராண்டு நிழலில் அடுக்கி வைத்து, பதிப்பதற்கு முன் இரண்டு வாரம் வீட்டின் வறண்ட அறையில் வையுங்கள். இழைக்குக் குறுக்கே ஓடும் நீண்ட கோடுகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பதியுங்கள். விளிம்பிலிருந்து ஒரு விரற்கடை உள்ளே தள்ளிப் பள்ளம் வெட்டினால் பிளக்காது. தேய்க்கும்போது பித்தளைத்தூள் இழைக்குள் புகுந்து பச்சையாகக் கறைபடும், ஆகவே தேய்த்தவுடன் தூரிகையால் தட்டி எடுங்கள். மேலே அரக்கு மெருகு இரண்டு பூச்சு கொடுத்தால் உப்புக்காற்றில் பித்தளை பாசி பிடிப்பது தள்ளிப்போகும்.

குறைகளும் உண்டு. மைன்புரி சின்ன ஊர், கற்பிக்கும் கைகள் குறைவு, பட்டறை மொழி இந்தி. பழைய வடிவங்கள் பெரும்பாலும் வட்டமும் நட்சத்திரமும் கொடியும். கோலம் போடத் தெரிந்த கைக்கு இது தடையாகாது. சிக்குக்கோலத்தின் வளைவுகள் கம்பிக்கென்றே பிறந்தவை. மணைப்பலகை, குங்குமச்சிமிழ், தைப்பூசக் காவடியின் மரவளைவு என்று நம் வீட்டிலும் கோயிலிலும் மரம் இருக்கும் இடமெல்லாம் இதற்கு இடம்.

| | பித்ரி | தஞ்சாவூர்த் தட்டு | தார்கஷி |
|---|---|---|---|
| தனி ஆள் | வார்ப்பு தவிர முடியும் | கடினம் | முடியும் |
| தீவில் பொருள் | தட்டும் மண்ணும் இல்லை | அச்சு இல்லை | கிடைக்கும் |
| நம் காற்று | அடிக்கடி எண்ணெய் | கருக்கும், துடைக்கலாம் | மரம் காய்ந்தால் சரி |
| மொழி | தக்கணி, கன்னடம் | தமிழ் | இந்தி |
| தனியே செய்யும் நிலை | ஓராண்டு | ஓராண்டுக்கு மேல் | மூன்று மாதம் |

கடைசி வரிசை, முழுநாள் உட்காருகிறவருக்கு எங்கள் மதிப்பீடு. மாலையில் இரண்டு மணி நேரம் என்றால் மூன்றால் பெருக்குங்கள்.

## விசாவும் பணமும்

இந்தியச் சுற்றுலா விசாவிலேயே ஆறு மாதத்துக்கு மேற்படாத, சான்றிதழ் தராத குறுகிய கைவினைப் பயிற்சிக்கு இடமுண்டு. அதற்குமேல் தங்குவதானால் போர்ட் லூயிஸ் தூதரகத்தில் கேட்டுச் செய்யுங்கள். 2024 மார்ச்சில் இந்தியக் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இங்கே வந்தபோது, ஏழாம் தலைமுறை இந்திய வம்சாவளியினருக்கும் வெளிநாட்டு இந்தியக் குடியுரிமை அட்டை (OCI) உண்டு என்று அறிவித்தார். ஆண்டுதோறும் போய்வர நினைப்பவர்கள், குறிப்பாகப் பித்ரிக்காரர்கள், கொள்ளுப்பாட்டனின் கூலிக்கப்பல் பதிவுகளை இப்போதே தேடத் தொடங்கலாம். மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் அந்தப் பதிவுகள் இருக்கின்றன.

ஆசானுக்குத் தரும் தொகை மொத்தச் செலவில் சிறு பங்குதான். நீங்கள் கெடுக்கும் பொருளே பெரிது. முதல் மாத வெள்ளியில் கணிசமான பகுதி சீவலாகவும் பிய்ந்த கம்பியாகவும் போகும். அந்தச் சீவல் யாருக்கு என்று முதல் நாளே பேசிவிடுங்கள். கூச்சப்படவேண்டாம், பட்டறையில் எல்லோரும் பேசும் விஷயம் அது. பித்ரிக்குப் போகிறவர் முதல் மூன்று வாரம் வெள்ளியே தொடாமல் வெற்றுத் தட்டில் பள்ளம் மட்டும் வெட்டக் கேளுங்கள். நல்ல உஸ்தாத் அதைத்தான் சொல்வார்.

பணம் கட்டுமுன் கேட்கவேண்டியவை: பட்டறையில் எந்தெந்த வேலை வெளியே போகிறது? கருக்கல், அரக்கு, மெருகு இவற்றின் அளவை எழுதித் தருவீர்களா? வெற்றுத் தட்டு அனுப்ப முடியுமா? நான் கெடுத்ததை எனக்குக் காட்டி ஏன் கெட்டது என்று சொல்வீர்களா? கடைசிக் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே "அதற்குத்தானே நான்" என்று சொல்கிறவரிடம் உட்காருங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய வாரத்தை ஒதுக்கி வையுங்கள். அந்த வாரம் ஆசான் கையை வைக்கக்கூடாது. தார்கஷி என்றால் தீவிலிருந்து நீங்கள் கொண்டுபோன வாகைத் துண்டில், பித்ரி என்றால் மண்ணில்லாத கருக்கலில், தட்டு என்றால் உங்கள் சொந்த அச்சில், ஒரு சிறு பொருளை முதலிலிருந்து கடைசிவரை நீங்களே முடியுங்கள். அது கெட்டால் இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, ஆசானும் பக்கத்தில் இருக்கிறார்.